நாலு இருந்த இடத்தில் n

எனக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். இதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன இடத்தில் நான் எல்லாரையும் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தேனாம். "பையன் ரொம்ப கலகலப்பு" என்று மாமனார் நம்பிவிட்டார். "அன்னைக்கு உங்க கை நடுங்குனத நான் மட்டுந்தான் பாத்தேன். இப்பவும் நீங்க ரொம்ப சிரிக்க வெச்சா எனக்கு வயித்தக் கலக்கும்" என்பாள். வகுப்பில், ஸ்டாஃப் ரூமில், துக்க வீட்டு வாசலில்கூட நான் ஒரு ஜோக் சொல்லாமல் நின்றதில்லை. அதற்காக எனக்கு ஊரில் நல்ல பேர். போன வருஷம் அந்த நல்ல பேரை வைத்து நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்காலில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சியும் உண்டு. என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது. பள்ளிக்கூடத்தில் கலப்பெண் படித்திருப்பீர்கள். ஓர் எண்ணுக்கு இரண்டு கூறு. தாளில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்துக் கணித மேதைகள் மிக அழகான தேற்றங்களை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எங்களுக்கு மிச்சம் வைத்துப்போனது ஒரே வேலைதான். இரண்டு கூறுக்குச் சொன்னதை நாலு கூறு உள்ள எண்களுக்கு, எட்டுக்கு, பதினாறுக்கு, அதற்கும் மேலே கொண்டுபோவது. ஹைப்பர்காம்ப்ளெக்ஸ் என்று பெரிய பேர். கீழ் வீட்டுக்காரன் கட்டிய வீட்டின் மேல் மாடி எழுப்புவதுதான் விஷயம். மாடி ஏற ஏற ஒவ்வொரு வசதியாகப் போய்விடும். நாலாவது மாடியிலேயே முன்பின் மாற்றிப் பெருக்கும் சௌகரியம் கிடையாது. பனியன் மேல் சட்டை போடுவதும் சட்டை மேல் பனியன் போடுவதும் ஒன்றில்லை அல்லவா, அந்த மாதிரி. இன்னும் மேலே போனால் தண்ணீரும் வராது.

இந்தத் துறையில் பாதி தேற்றங்கள், "ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும் ஒரு பரப்பை எடுத்துக்கொள்க" என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு மூலையில் நடப்பது தெரிந்தால் பரப்பு முழுவதும் நடப்பது தெரிந்துவிடும் என்பது அவற்றின் சாரம். நான் வகுப்பில் சொல்வேன்: "இது நம்ம யூனியன் பிரதேசத்துக்குப் பொருந்தாதுப்பா. நாம நாலு துண்டு. பாண்டிச்சேரில நடக்கறது தெரிஞ்சா காரைக்கால்ல நடக்கறது தெரியும்னு எந்தத் தேற்றமும் சொல்ல முடியாது." பசங்க சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பின் பெஞ்சுக்காரர்கள் தேற்றத்தையே மறந்துவிடுவார்கள். அதையும் பார்த்திருக்கிறேன், பார்த்தும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

என் ஆய்வு மாணவி கிளிஞ்சல்மேட்டுப் பெண். என்னிடமே பி.எஸ்சி. படித்தவள். அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மாவைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அப்போது அவள் சின்னப் பிள்ளை. இதையெல்லாம் அவள் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. இந்த ஊரில் சில விஷயங்களை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் எடுத்துக்கொண்டது மூன்று வட்டத் தேற்றம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம். உள் வட்டத்திலும் வெளி வட்டத்திலும் ஒரு சார்பு எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று தெரிந்தால், நடு வட்டத்தில் அது எவ்வளவுக்கு மேல் எழும்ப முடியாது என்று சொல்லிவிடலாம். மாமியாரையும் மருமகளையும் தெரிந்தால் நடுவில் இருக்கிறவன் எவ்வளவு துள்ள முடியும் என்று தெரியாதா, அப்படி. இதை அவள் நாலு பரிமாணத்தில் நிறுவியிருந்தாள். உண்மையாகவே நிறுவியிருந்தாள். வரிக்கு வரி சரியாக, எனக்கே கொஞ்சம் பொறாமை வரும் அளவுக்குச் சுத்தமாக.

அத்தோடு விட்டிருக்கலாம். பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழு கூடியபோது, குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"நாலோட நின்னுட்டீங்களே. அதுக்கு மேல போகலியா?"

அவரைக் கண்டால் எனக்கு நடுக்கம். நடுக்கம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

"போயாச்சுங்க சார். லிஃப்ட் இல்லாததால கொஞ்சம் மூச்சு வாங்குது. டைப் பண்றது மட்டுந்தான் பாக்கி."

குழு சிரித்தது. சிரித்த கையோடு ஆய்வேட்டின் தலைப்பில் 'உயர் பரிமாணங்களில்' என்ற வார்த்தையைச் சேர்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில், கடலூர் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்.

"சார், நாம எப்ப சார் மேல போனோம்?"

"போற வழியில போய்க்கலாம்மா. பஸ் இப்பத்தான கடலூரத் தாண்டிருக்கு."

அவளுக்கு அவசரம் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்த பதிவுக் காலம் முடியப்போகிறது. அரசுக் கல்லூரி வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். கௌரவ விரிவுரையாளர் என்ற பதவியில் கௌரவம் மட்டும்தான் நிரந்தரம். அவளுக்கோ பரீட்சைப் பேப்பர் கட்டுக் கட்டாகத் திருத்தக் கிடந்தது. "அந்த அத்தியாயத்த எங்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷன்போல் கோப்புகளை வாங்கிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்கும் நேரத்தில் உட்கார்ந்தேன். நிறுவலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன். எங்கே நாலு இருக்கிறதோ அங்கே n போட்டால் போதும் என்று பட்டது. எங்கள் துறையில் இது எல்லாரும் செய்வதுதான். முதலில் போட்டுப் பார்ப்பது, பிறகு ஒவ்வொரு வரியாக உதைத்துப் பார்ப்பது. நான் முதல் பாதியை மட்டும் செய்தேன். கம்ப்யூட்டரில் 'ரீப்ளேஸ் ஆல்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினேன். அத்தியாயம் அத்தியாயமாக n-கள் அணிவகுத்து நின்றன. மேற்கோள் பட்டியலில் சில பக்க எண்களும் n ஆகியிருந்தன. அவற்றை மட்டும் பார்த்துச் சரிசெய்தேன். கணிதம் முன்னேறிவிட்டது என்று டீ சொன்னேன்.

அதை அவளிடம் கொடுத்த இரண்டொரு நாளில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரியில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தாள்.

"சார், ரெண்டு எண்ணப் பெருக்குனா, வர்ற எண்ணோட நீளம் ரெண்டு நீளத்தோட பெருக்கல்னு ஒரு வரி வருதுல்ல. நாலுக்கு அது சரி. மேலயும் நிக்குமா சார்?"

சரியான கேள்வி. சரியான இடத்தில் கேட்ட கேள்வி. எனக்கு உள்ளே ஏதோ சொரேல் என்றது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன் என்பதுதான் முக்கியம். சுற்றிலும் சக ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, நாலு பேருக்கு ரசம் வெச்ச வீட்டுல அஞ்சாவதா ஒருத்தர் வந்தா அடுப்பையா அணைப்பாங்க? ஒரு டம்ளர் தண்ணிய ஊத்தி ஒரு கொதி விடு. நிக்கும்."

ஸ்டாஃப் ரூம் அதிர்ந்தது. இயற்பியல்காரர் மேசையைத் தட்டினார். அவளும் சிரித்தாள். அழிப்பானை எடுத்துப் பென்சில் புள்ளியை அங்கேயே, என் கண் முன்னாலேயே அழித்தாள்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. அச்சடித்து, பைண்டிங்குக்குக் கொடுத்து, திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை பிரதிகளை வாங்க நான்தான் போனேன். வழியில்தானே கடை, நான் வாங்கிவருகிறேன் என்று சொல்லியிருந்தேன். உண்மையான காரணம், தங்க எழுத்தில் நெறியாளர் என்று என் பேரை முதலில் நானே பார்க்க வேண்டும்.

"வாங்க சார், வாங்க. மாஷா அல்லாஹ், என்னா லட்சணமா வந்துருக்கு பாருங்க" என்று கடைக்காரர் ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார். கருநீல அட்டை. என் பேர் ஜொலித்தது. அட்டையைத் தடவினேன், முகர்ந்தேன். பிறகு திறந்தேன். முதல் பக்கம் சமர்ப்பணம். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்த ஒரு பக்கத்தை அவள் தமிழில் எழுதியிருந்தாள்.

'200n டிசம்பரில் கடல் எடுத்துக்கொண்ட என் அம்மாவுக்கு.'

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு உட்கார இடம் தேடினேன்.

நான் அமுக்கிய பொத்தான் அத்தியாயத்தோடு நிற்கவில்லை. சமர்ப்பணப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவளும் கடைசி நேரத்தில் அத்தியாயங்களைப் படித்தாளே தவிர, என்றைக்கோ எழுதி வைத்த அந்த ஒரு வரியை எதற்குத் திரும்பப் படிக்கப் போகிறாள்?

"என்ன சார், எழுத்துப் பிழையா?" கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுக்கா மூஞ்சி இப்படிப் போவுது? ஒரு தாள மாத்திட்டா ஆச்சு. பத்து நிமிச வேல."

அவர் பசையை எடுக்கத் திரும்பினார். என் மண்டைக்குள் வேறொன்று திரும்பியது. இங்கேயே மாறியிருக்கிறது என்றால் வேறெங்கெல்லாம்? மூன்றாம் அத்தியாயம். பென்சில் புள்ளி இருந்த வரி. கடையில் கிடந்த பிரவுன் பேப்பர் துண்டில் போட்டுப் பார்த்தேன். நாங்கள் எடுத்துக்கொண்ட எண்களில், எட்டுக் கூறு வந்ததும் e என்று ஓர் எண் கிடைக்கும். அதையே அதால் பெருக்கினால் ஒன்று. அப்படியானால் ஒன்று கூட்டல் e. ஒன்று கழித்தல் e. இரண்டுமே பூஜ்யமில்லை. இரண்டையும் பெருக்கினால் பூஜ்யம்.

இரண்டு பேருக்கும் நீளம் இருக்கிறது. பெருக்கினால் வருகிறவருக்கு நீளமே இல்லை. என் வரி பொய். அந்த வரியின் மேல் நிற்கும் துணைத்தேற்றம் பொய், அதன் மேல் நிற்கும் தேற்றத்துக்குக் கால் கிடையாது. இது பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் சில பக்கங்களுக்குள் வந்துவிடும். நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஜோக்கோடு.

"சார், வேர்த்துக் கொட்டுதே. சர்பத் சொல்லவா?"

"வேணாம் பாய். ரெண்டு பேரப் பெருக்குனேன், ரெண்டு பேருமே காணாமப் போயிட்டாங்க. அதான்."

"அல்லாஹ் காப்பாத்தணும்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். என் மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாள்.

சமர்ப்பணத் தாளை எல்லாப் பிரதியிலும் மாற்றித் தந்தார். ஒன்றே ஒன்றில் மட்டும் ஒட்டு பலமாக இருந்ததால் தாள் வரவில்லை. "இத வீட்டுப் பிரதியா வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார். பிரதிகளைப் பையில் போட்டு ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டேன். கிளிஞ்சல்மேட்டுக்குப் போக வேண்டும். கடற்கரைப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பவில்லை. நான் திருப்பவில்லை என்று சொல்வதுதான் நேர்மை. ஆனால் அன்றைக்கு எனக்கும் வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வரிச்சிக்குடி வந்தது. வரிச்சிக்குடியில் எனக்கு யாரையும் தெரியாது. அங்கிருந்து உள்ளே போய் குரும்பகரம் வந்தது. அங்கேயும் தெரியாது. வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த என்னை, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

மதகில் உட்கார்ந்து என்னென்ன யோசித்தேன் என்பதை எழுதக் கூசுகிறது. ஆய்வேட்டை யார் படிக்கிறார்கள்? மதிப்பீட்டாளர் முதலில் மேற்கோள் பட்டியலைத் திறந்து தன் பேர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் சந்தோஷமாக மூடிவிடுவார். நானே அப்படி மூடியிருக்கிறேன். திங்கட்கிழமை சமர்ப்பித்துவிடட்டும். வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். தப்பை நாளைக்கு எவனாவது கண்டுபிடித்தால், அது அவள் பேரில் இருக்கும் ஆய்வேடு. நான் நெறியாளர்தான்.

இந்தக் கடைசி வாக்கியம் என் மனதில் ஓடியபோது, அதற்குக்கூட ஒரு ஜோக் தயாராகிக்கொண்டிருந்தது. அது என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. அது தயாரானதுதான் நினைவிருக்கிறது. எழுந்து வண்டியைத் திருப்பினேன்.

கிளிஞ்சல்மேட்டில் அவள் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. அவள் அப்பாவும் சித்தியும் உறவுக்காரர்களும் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு வரப்போகிறார்களாம். ஆய்வேட்டை ஒரு கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்குவது மட்டும்தான் என்று அவள் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். "பொஸ்தவம் குடுக்கறப்ப நாலு பேரு பக்கத்துல நிக்க வேணாமா?" என்று சித்தி சொந்தக்காரர் ஒருவரின் வேனைச் சொல்லி, அன்றைக்கே வாசலில் கொண்டுவந்து நிறுத்த வைத்துவிட்டாள்.

"வாங்க சார், வாங்க. குந்துங்க" என்று அப்பா நாற்காலியைத் துண்டால் தட்டினார். "பொஸ்தவம் வந்துட்டா?"

"சாப்புட்டுத்தான் போவணும். கொடுவா வாங்கியாந்துருக்கு" என்றாள் சித்தி. "சாரு வந்துட்டா வூடே சிரிப்பா இருக்கும். இது தெனமும் வந்து உங்க ஜோக்கத்தான் சொல்லும்."

என் மாணவி பையைப் பிரித்தாள். மேலாக இருந்தது தாள் மாற்றாத பிரதி. நான் பதறிக் கையை நீட்டுவதற்குள் திறந்துவிட்டாள். அந்த வரியைப் படித்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார், எங்கம்மாவையும் ஜெனரலைஸ் பண்ணிட்டீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. அந்தத் தண்ணீர் எதிலிருந்து வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற பிரதிகளில் மாற்றியாயிற்று என்று அவசர அவசரமாகச் சொன்னேன். "பரவால்ல சார், இத நானே வெச்சுக்கறேன்" என்றாள். எனக்குள் ஒரு பெரிய ஆறுதல் பரவியது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, அதுவும் சின்னக் குற்றத்துக்கு. மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்று தோன்றிவிட்டது.

"மத்த எடத்துலல்லாம் சரியா இருக்குல்ல சார்?" என்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"பைண்டு பண்ணதுக்கப்புறம் தப்பு கண்டுபிடிச்சா அது பாவம்மா. பைண்டர் சாபம் சும்மா விடாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் தெளிந்துவிட்டது. ஆய்வேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அதை மூடிய விதம், ஸ்டாஃப் ரூமில் அழிப்பானைத் தேய்த்த அதே விதம். சார் சிரிக்கிறார், அப்படியானால் பயமில்லை. என் ஜோக்கை அவள் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டாள். முதல் தடவையும் அப்படித்தான்.

"கொஞ்சம் வெளில வாம்மா" என்றேன்.

எழுதக் காகிதம் இல்லை. வேனின் பின் கண்ணாடியில் கடற்கரைப் புழுதி படிந்திருந்தது. விரலால் எழுதினேன்: ஒன்று கூட்டல் e, பெருக்கல், ஒன்று கழித்தல் e, சமம் பூஜ்யம். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் விளக்க வாயெடுத்தேன். "இருங்க சார்" என்றாள். பக்கத்தில் தன் விரலால் e-ஐ e-ஆல் பெருக்கி, கூட்டல் கழித்தல் குறிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒன்று வருகிறது என்று தானே போட்டுப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளேயிருந்து மீன் வறுபடும் வாசனை வந்தது.

"மூணாவது சாப்டர்" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் கேட்டேன் சார்."

"கேட்ட."

"என்னா சொன்னீங்க?"

"விடும்மா..."

"இல்ல சார். என்னா சொன்னீங்க, சொல்லுங்க."

சொன்னேன். நாலு பேருக்கு ரசம் வைத்த வீடு, அஞ்சாவது ஆள், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கொதி. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வாசலுக்கு வந்து நின்ற சித்தி, "அட, இந்த ரசம் ஜோக்குதான அன்னைக்கு வந்து சொன்ன? நாங்கூட ரெண்டு நாளு சொல்லிச் சொல்லிச் சிரிச்சேனே" என்று மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள். எங்கள் இருவரையும் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மேடையில் ஜோக் எடுபடாமல் போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு. எடுபட்ட ஜோக்கை இப்படித் திரும்பச் சொன்ன அனுபவம் அதுதான் முதல்.

"நாலுக்கு நான் போட்டது சரியாத்தான இருக்கு?" என்றாள், விரலில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டே.

"அது பாறை மாதிரி இருக்கு. அதுல என் கை படல."

"அப்ப நாலோடயே குடுத்துடலாம்."

"தலைப்பு உயர் பரிமாணம்னு போட்டுருக்கே. தலைப்ப மாத்தணும்னா குழு கூடணும்."

"திங்கக்கெழமைக்குள்ள?"

நான் உதட்டைப் பிதுக்கினேன். வெளியே வந்த அப்பா மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா பாப்பா, எதும் பிரச்னையா?"

"பொஸ்தவத்துல ஒரு தப்பு இருக்குப்பா. சார் இப்பத்தான் பாத்தாங்க." 'இப்பத்தான்' என்ற வார்த்தையை அவள் எனக்குப் பிச்சையாகப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கமிட்டி சாருக்கு நீங்க போன் போடுங்க சார். இப்பவே. சிரிக்காமப் பேசுங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டேன். வணக்கம் சொன்னதுமே வழக்கம்போல் ஒரு வேடிக்கை நாக்குக்கு வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"சார், அன்னைக்கு நான் மேல போயாச்சுன்னு சொன்னது பொய். போகல. போனதா நெனச்சு எழுதுனதும் தப்பு. தப்பு என்னோடது, அந்தப் பொண்ணு அன்னைக்கே கேட்டுச்சு, நான்தான் கேக்க விடல."

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நாலுதானா?"

"நாலுதான் சார்."

"நாலுன்னு அப்பவே சொல்லிருந்தா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்?" என்றார் அவர். கோபம்கூட இல்லை; நிஜமாகவே புரியாமல் கேட்டார். "குழுவக் கூட்டணும். உடனே முடியாது. திங்கட்கிழமை வந்து காலநீட்டிப்புக்கு எழுதிக்குடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

வேலைக்கான விண்ணப்பம் அதற்குள் முடிந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே போய், "சித்தி, சாருக்கு எல போடுங்க" என்றாள். கொடுவா மீனைப் போல ருசியான மீன் கிடையாது. அன்றைக்கு நான் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். தட்ட முடியாமல் விழுங்கினேன். தண்டனையை எப்படி அமைப்பது என்று தெரிந்தவர்கள்கூட இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். அவர்கள் அன்பாகத்தான் போட்டார்கள், அதுதான் விஷயம்.

திங்கட்கிழமை வேன் கிளம்பத்தான் செய்தது. "சொல்லியாச்சு, போவலன்னா எப்புடி? பொஸ்தவம் இல்லாட்டி கடுதாசி குடுப்போம்" என்றாள் சித்தி. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் தலைநகரத்துக்குப் போக வேண்டுமானாலும் நாங்கள் அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். அந்த வழி முழுக்க நான் நடுச் சீட்டில், அவள் அப்பாவுக்கும் ஒரு பெரிய சாப்பாட்டுத் தூக்குக்கும் இடையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. "சாரு இன்னைக்கு ஒண்ணுமே பேசலியே" என்று மட்டும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பின் கண்ணாடியை யாரும் துடைத்திருக்கவில்லை. முந்திப் போக ஹாரன் அடித்த லாரிக்காரர்களுக்கெல்லாம் என் தப்பு வழி நெடுகத் தெரிந்துகொண்டிருந்தது.

நீட்டிப்புக் கிடைத்தது. வேலை போனது. அந்தத் தடவை எடுத்தவர்கள் சேர்ந்து, இப்போது சம்பளமும் வாங்குகிறார்கள். அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவள் சில மாதம் கழித்து நாலு பரிமாணத்தோடு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள், பட்டமும் வாங்கினாள். இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான். என் மேசையிலிருந்து பார்த்தால் அவள் மேசை தெரியும். நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும் என்று ஏதாவது சுற்றறிக்கை வரும்போது நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைக் கவிழ்த்து வைப்பேன். கவிழ்த்து வைப்பதால் ஒன்றும் மாறாது என்று தெரியும்.

மேலே போகும் வேலையை அவள் விடவில்லை. பெருக்கும் இரண்டில் ஒன்று வெறும் அம்பாக, திசையும் நீளமும் மட்டும் உள்ளதாக இருந்தால் அந்த வரி எந்த மாடியிலும் நிற்கிறது என்று அவளே போட்டுவிட்டாள். மற்ற இடங்களில் சமத்துக்குப் பதில் ஒரு மாறிலியைப் பெருக்கிக்கொண்டு, 'இதற்கு மேல் போகாது' என்று மட்டும் சொல்லலாம். மாடி ஏற ஏற மாறிலி பெருத்துக்கொண்டே போகும். பழைய தேற்றத்தின் அழகு இல்லை. ஆனால் பொய்யில்லை. அந்தக் கட்டுரையில் என் பேரையும் சேர்த்திருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னேன். "மாறிலி இருக்குற எடத்துலல்லாம் உங்க ஞாபகந்தான் சார் வருது" என்றாள். அது எந்த அர்த்தத்தில் என்று கேட்கவில்லை.

நேற்று ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தாள். பென்சில் புள்ளி ஒன்று. இந்த மாறிலியை இன்னும் சின்னதாக்க முடியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் உள்ளே வழக்கமான குறுகுறுப்பு எழுந்தது, வாய் தானாகத் திறந்தது, இயற்பியல்காரர் சிரிப்பதற்குத் தயாராகத் திரும்பினார்.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜோக்கா, பதிலா சார்?" என்றாள்.

வாயை மூடினேன். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.